அஜித்தா வெட்டிய வலைகள்

ஒவ்வொரு ஒக்டோபரிலும் நிக்கொலஸ் சிலாபத்துக் கரையிலிருந்து உச்சமுனைத் தீவுக்கு மீன்பிடிக்க வாடி போகிறவன். தீவில் ஓலைக் கொட்டில் ஒன்றைப் போட்டு, சித்திரை வரைக்கும் அங்கேயே தங்கித் தொழில் செய்வான். கூட நாலு ஆட்கள். ஐந்து பேருக்கும் சமைக்க முன்பெல்லாம் மனைவி றோசா போவாள். யுத்தம் முடிந்த அடுத்த வருசம் றோசா வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போனாள். அதோடு அந்த அடுப்பு மகள் அஜித்தாவிடம் வந்தது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

முதல் சீசன் அவளுக்குப் புதினமாக இருந்தது. தண்ணீர் அள்ளினாள், விறகு பொறுக்கினாள், மிஞ்சிய மீனைக் கீறி உப்புப் போட்டுக் காயவைத்தாள். சித்திரையில் ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடம் போனபோது, கணக்கில் பாதிக்கு மேல் விளங்கவில்லை. இரண்டாவது சீசன் முடிந்து போனபோது, அவளைவிடச் சிறிய பிள்ளைகளின் வகுப்பில் கடைசி வாங்கில் இருத்தினார்கள். பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்தாள். மீன் மணக்குதாம்.

மூன்றாவது ஒக்டோபர் வரப்போகிறது என்று தெரிந்ததும் அஜித்தா வகுப்பு டீச்சரிடம் போனாள்.

"நான் இந்த முறை வாடிக்குப் போகேலா டீச்சர். நீங்க அப்பாட்ட சொல்லுங்க."

"அப்பாவக் கூட்டிக்கொண்டு வாங்க, சொல்றன். இந்த முறையும் வராம விட்டா இடாப்பில இருந்து பேரை வெட்டிருவாங்க, தெரியும்தானே?"

அப்பா வரவில்லை. கிழிந்த வலை பொத்துகிற நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் பங்குச் சுவாமியிடம் சொன்னாள். சுவாமி அவளுடைய தலையில் கைவைத்து, "அப்பா தனிய கஷ்டப்படுறார் மகள். அவருக்கு உதவியா இருங்க" என்றார். அம்மா போன் எடுத்தபோது அஜித்தா அழுதுகொண்டே சொன்னாள். அங்கே றோசாவும் அழுதாள். "இந்த ஒரு சீசன் மட்டும் போங்க மகள், நான் வந்திருவன்." கடைசியாக அப்பாவிடம். சாப்பிட்டுக்கொண்டிருந்த நிக்கொலஸ் நிமிரவேயில்லை.

"நீ வராட்டி ஆர் சமைக்கிறது? பொம்பிளைப் பிள்ளைய ஊரில தனிய விட்டுட்டுப் போகவும் ஏலாது."

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவர்கள் போனார்கள்.

அந்தச் சீசன் தொடங்கியதிலிருந்தே பிள்ளை மாறிப்போனாள். சோற்றை அடிப்பிடிக்க விட்டாள். ஆட்கள் கூப்பிட்டால் பதில் இல்லை. ஒருநாள் எஞ்சினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் கடல் தண்ணீரை ஊற்றிவிட்டாள். எஞ்சின் நடுக்கடலில் நின்று, நாலு மணித்தியாலம் தண்டு வலித்துக் கரை சேர்ந்த நிக்கொலஸ் அவளைப் பெல்ட்டால் அடித்தான். அவள் அழவில்லை. அதைப் பார்த்து ஆட்களில் ஒருவன், "இவளுக்கு என்னவோ பிடிச்சிருக்கு" என்றான். அதற்குமேல் ஒருவரும் யோசிக்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு, ஆண்கள் எல்லாரும் தீவின் சின்னக் கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தார்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் வருடக் கடைசிப் பரீட்சை தொடங்கும் என்பது அஜித்தாவுக்குத் தெரியும். மீன் கீறுகிற கத்தியை எடுத்துக்கொண்டு மணலுக்கு இறங்கினாள். குவித்துக் கிடந்த மூன்று வலைகளையும் ஒன்றுவிடாமல் வெட்டினாள். வலை இல்லாவிட்டால் ஊருக்குப் போகத்தானே வேண்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

திரும்பி வந்த ஆட்கள் அவளை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பக்கத்து வாடியில் முத்தலிபு இருந்தார். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து எழும்பி வந்து கற்பிட்டியில் குடியேறிய ஆள். போன கிழமைதான் வலைக்கு மேல் வலை விட்டதென்று அவருக்கும் நிக்கொலசுக்கும் வாய்த்தர்க்கம் வந்திருந்தது. வேறு காரணம் தேவைப்படவில்லை. நிக்கொலசும் ஆட்களும் துடுப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அஜித்தா பின்னால் ஓடினாள். முத்தலிபு தலையைக் காக்க வலது கையைத் தூக்கினார். துடுப்பு அந்தக் கையில் விழுந்தது. "அல்லாட மேல சத்தியம், நான் தொடல்ல" என்று அவர் கத்தினது அவளுக்குக் கேட்டது. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இரண்டாவது அடியும் அதே கையில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை பொலிஸ் படகில் வந்தது. முத்தலிபுதான் வலையை வெட்டினார் என்று நிக்கொலஸ் சார்ஜனுக்குத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். குசினிக் கொட்டிலிலிருந்து மா ஒட்டிய கையோடு அஜித்தா வெளியே வந்தாள்.

"மம தமய் கெப்புவே" என்றாள். நான்தான் வெட்டினது.

சார்ஜன் சிரித்தார். அவள் உள்ளே போய்க் கத்தியைக் கொண்டுவந்து அவர் முன்னால் மணலில் வைத்தாள். நைலோன் நூல் அதன் பிடியில் இன்னும் சுற்றியிருந்தது. நிக்கொலஸ் மகளைப் பார்த்தான், முத்தலிபின் வாடியைப் பார்த்தான், அப்படியே குந்திவிட்டான்.

வழக்கில் அஜித்தாவைப் பற்றி அறிக்கை எழுதவேண்டியவர் நன்னடத்தை உத்தியோகத்தர் றிஸ்மினா. கனமூலை ஊர் முஸ்லிம் பெண். கட்டுக்கடங்காத பிள்ளை என்று பொலிஸ் கொடுத்த கடதாசியில் இருந்தது. றிஸ்மினா அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"வலைய வெட்டுற அளவுக்கு மனசில இருந்தா, ஏன் புள்ள ஒருத்தரிட்டயும் சொல்லல்ல?"

"சொன்னன் மிஸ்."

"ஆரிட்ட?"

அஜித்தா விரலை மடக்கினாள். "டீச்சர். சுவாமி. அம்மா. அப்பா." நாலு விரலையும் மடக்கிவிட்டு, பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முத்தலிபு மாமாவ அடிக்கேக்க மட்டும்தான் சொல்லல்ல."

பிள்ளையைக் கண்காணிப்பில் வீட்டுக்கு விடலாம் என்று றிஸ்மினா எழுதினாள். அந்த நாலு பேரையும் அறிக்கையில் வரிசையாகப் போட்டாள். நீதிமன்றத்துக்கு முத்தலிபு கையில் பிளாஸ்ரரோடு வந்தார். ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டபோது எழும்பினார்.

"என்ட கைய முறிக்கக்குள்ள இந்தப் புள்ளைக்கு வாய் இருந்திச்சு ஐயா. எனக்கும் மூணு புள்ளைகள்."

அஜித்தா தலையைக் குனிந்தாள். றிஸ்மினா எழுதியதை நீதிபதி ஏற்கவில்லை. வீட்டில் தாய் இல்லை, தகப்பன் மேல் அடிதடி வழக்கு. ஒரு வருடம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லமொன்றில் விடும்படி உத்தரவு வந்தது. வெளியே வந்த முத்தலிபு றிஸ்மினாவைத் தாண்டும்போது, "நீங்களுமா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

முத்தலிபின் கை பொருந்தியது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. அவர் பிறகு கடலுக்குப் போகவில்லை. மன்னிப்புக் கேட்க நிக்கொலஸ் போனபோது, அவருடைய மனைவி அலீமா வாசலை மறித்து நின்றாள். "அவர் ஒங்களோட கதைக்க மாட்டார். இனி வராதீங்க."

இல்லத்துப் பிள்ளைகள் காலையில் வரிசையாகப் பள்ளிக்கூடம் போவார்கள். அஜித்தாவும் போனாள். ஒரு வருடம் முடிந்ததும் கூட்டிப்போக நிக்கொலஸ் புதுச் சட்டையோடு வந்தான்.

"இனி வாடிக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டன் மகள். சத்தியமா."

"நான் வரல்ல அப்பா. ஓ எல் பரீட்சை எடுக்கும்வரைக்கும் இங்க இருக்கிறன்."

"வீட்டில என்ன குறை?"

அவள் சட்டையை வாங்கிக்கொண்டாள். அவன் தனியே பஸ் ஏறினான்.

அடுத்த ஒக்டோபரில் தீவுக்குப் படகு ஏற்றுகிற துறையில் நிக்கொலஸ் ஒரு பிள்ளையைக் கண்டான். பன்னிரண்டு வயதிருக்கும். சட்டி பானை மூட்டைக்கு மேலே உட்கார்ந்திருந்தாள். தகப்பனைத் தெரியும், அன்ரனிப்பிள்ளை.

"அண்ணன், இந்தப் பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு விடுங்க. கொண்டு போகாதீங்க."

அன்ரனிப்பிள்ளை சிரித்தான். "உன்ர மகளப் போல என்ர மகள் வலை வெட்ட மாட்டாள். நீ போ."

துறையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. நிக்கொலஸ் அப்பால் போய் றிஸ்மினாவுக்குப் போன் எடுத்தான். அவள் புத்தளத்திலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் அந்தப் படகு போய்விட்டது.

"நான் கொண்டு போறன் மிஸ், ஏறுங்க" என்றான். அவனுடைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். எதிர்க்காற்றில் தீவுக்குப் போய்ச் சேர மத்தியானம் கடந்துவிட்டது.

அன்று பிள்ளையைத் தர அன்ரனிப்பிள்ளை மறுத்துவிட்டான். நனைந்த புடவையோடு றிஸ்மினா அந்தப் பிள்ளையின் பெயரையும் பள்ளிக்கூடத்தையும் எழுதிக்கொண்டு திரும்பினாள். கடிதம் மேலிடத்துக்குப் போய், அங்கிருந்து பொலிசுக்குப் போய், ஒருவழியாகப் பிள்ளையை ஊரில் பெரியம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

வருடக் கடைசிப் பரீட்சை முடிந்து அப்போது நாலு நாள் ஆகியிருந்தது. ஆனால் பள்ளிக்கூட இடாப்பில் அந்தப் பிள்ளையின் பெயர் இன்னும் இருந்தது.