அக்னி மூலையில் நின்ற வேம்பு

1997 ஆடியில், ஆனையூருக்கு அப்பால் பூங்குயில் நகரில் ராதாமணியின் மனையில் நின்ற வேப்பமரம், அரசு உத்தரவுக்குக் கட்டுப்பட்டு மேற்கே நகர்ந்தது. அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்ததால் தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

ராதாமணி கீழவாசல் பக்கம் கூட்டுக்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான்கு மருமகள்களுக்கும் ஒரே அடுப்படி. குழம்பு கொதிப்பதற்குள் ஓர்ப்படி பாத்திரத்தோடு வந்து நிற்பாள். தனக்கென்று ஓர் அடுப்படி வேண்டும் என்பதைத் தவிர ராதாமணி மீனாட்சி அம்மனிடம் வேறெதுவும் கேட்டதில்லை. கணவர் கிரிதரன் சுங்குடிச் சேலை விற்று ஒருவழியாக இந்த மனையை வாங்கினார். அடுப்படி என்றால் தென்கிழக்கில், அக்னி மூலையில்தான் வர வேண்டும். அங்கேதான் வேம்பு ஜம்மென்று நின்றது. சொந்த மனையானாலும் அனுமதி இல்லாமல் மரத்தில் கை வைக்க முடியாது. கிளை கழிப்பதற்கே மனுப் போட வேண்டும். "அடுப்படியை வடக்கே தள்ளிக்கலாம்மா" என்றார் கொத்தனார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மனு வருஷக்கணக்கில் மேசை மேசையாகச் சுற்றியது. கடைசியில் வந்த உத்தரவில், மரத்தை 'அகற்றலாம்' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'நகற்றலாம்' என்று விழுந்திருந்தது. டைப் அடித்த வீரணன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"ஒரு எழுத்துதான்க்கா. ஆனா திருத்தணும்னா மறுபடி மொதல்லருந்து அம்புட்டு மேசையும் சுத்தி வரணும்."

"வேணாம் தம்பி. அது எங்கிட்டாவது போனாச் சரி."

உத்தரவின் நகலை மரத்தில் ஒட்ட வேண்டும் என்பது விதி. ஒட்டினாள். பசை காய்வதற்குள் வேம்பு வேரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. 'நகர்த்தலாம்' என்பதே சரி என்று தமிழ் வாத்தியார்கள் சொல்வார்கள். மரம் இலக்கணம் பார்க்கவில்லை. எவ்வளவு தூரம் என்று உத்தரவில் இல்லாததால் அது பாட்டுக்குத் திரிந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றது, டீக்கடைக்கு நிழல் கொடுத்தது. விசாரிக்க வந்த அதிகாரி, மரம் வெட்டப்படவில்லை, கிளைக்கும் சேதமில்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்று காலை மரம் திரும்பி வந்தது. நேரே அக்னி மூலைக்குத்தான். கொத்தனார் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினார். ராதாமணி பள்ளத்துக்குள் இறங்கி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஒனக்கு ஊரெல்லாம் எடம் இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான்!"

வேம்பு கொஞ்ச நேரம் நின்றது. பூ உதிர்ந்து அவள் தலையில் விழுந்தது. பிறகு பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டது.

வீடு எழும்பியது. கத்திரி வெயிலில் மரம் தானாக வந்து, புது அடுப்படியின் மேல் நிழல் விழுகிற தூரத்தில் நின்றுகொள்ளும். மாலையில் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு மலையம்மாள் மிளகாய் காயப்போடும் நாட்களில் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "யக்கா, அதைக் கொஞ்சம் தள்ளிக்கிறச் சொல்லுங்க."

ராதாமணி அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, கரண்டியோடு ஜன்னலுக்குப் போய்ச் சொல்லுவாள்.