டிரம் இல்லாத இரண்டு வரி

1

இந்தக் கதை என் கை செய்த ஒரு பிழையிலிருந்து வந்தது. அதை மறைத்து எழுத மூன்று முறை முயன்றேன். மூன்றும் ‘பாலைவனத்து வானில் நட்சத்திரங்கள்...’ என்று தொடங்கி நின்றுபோயின. நான் பாலைவனத்தைப் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்தது தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் கோரமண்டல் லைன் வீடுகளும், கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போகும் எங்கள் சபையின் கேரல் குழுவுக்கு நான் அடித்த டிரம்மும்தான்.

ஆகவே ஃப்ளோராவிடமிருந்து தொடங்குகிறேன்.

2

ஃப்ளோரா வளைகுடாவில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டாயிரமாம் வருஷம் கிறிஸ்துமஸ் முஸ்லிம்களின் நோன்பு மாதத்தில் வந்தது. இருபத்தைந்தாம் தேதியும் வகுப்பு உண்டு. சார்ட் பேப்பரில் ஒரு நட்சத்திரம் வெட்டி, பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டினாள். திறந்தால் கிறிஸ்துமஸ், மூடினால் இல்லை. (இந்த வரியில் கொஞ்சம் அழகு காட்டிவிட்டேன். நட்சத்திரம் உண்மை, அவளே சொன்னது.)

கீழ்வீட்டில் குடியிருந்த அரபி டீச்சர் சல்மா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள். ஃப்ளோரா கதவை மூடப் பாய்ந்தாள். சல்மா பீரோவை மெல்லச் சாத்திவிட்டு, இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் தன் வீட்டுக்கு வந்து அப்பாவோடு போனில் பேசச் சொன்னாள்.

அப்பாவோடு. செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு போனிலும் அவர் தூங்குகிறார், ஆஸ்பத்திரி போயிருக்கிறார், சர்ச்சில் இருக்கிறார் என்றே தங்கை ஐடா சொல்லிவந்தாள்.

3

உங்களிடம் ஒளிப்பானேன். ஃப்ளோராவின் அப்பா பர்னபாஸ் செப்டம்பரிலேயே இறந்துவிட்டார். முப்பது வருஷம் சுரங்கத்தில் உள்ளே இழுத்த தூசி. சுரங்கமே மூடப்போகிறது என்று பேச்சு. ஐடாவின் புருஷனுக்கும் அங்கேதான் வேலை. ஃப்ளோரா ஒப்பந்தத்தின் நடுவில் கிளம்பி வந்தால் திரும்பிப் போக முடியாது, அவள் அனுப்பும் பணமும் நின்றுவிடும். மார்ச்சில் வரட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று குடும்பம் முடிவு செய்தது.

[ஐடாவைக் கல்நெஞ்சக்காரியாக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. அக்காவின் போன் வரும் நாளில் அவள் சாப்பிடமாட்டாள்.]

* எங்கள் சபையில் ஒரு வழக்கம். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டு வாசலில் கேரல் பாடுவோம், டிரம் அடிக்கமாட்டோம். ஃப்ளோரா இந்தக் குழுவில் பதினைந்து வருஷம் பாடியவள்.

இருபத்துநாலாம் தேதி கேரலுக்கு முந்தின நாளே ஐடா வந்து கேட்டாள். “அக்கா லைன்ல இருக்கும்ணே. எங்க வூட்டாண்ட இந்த ஒரு வாட்டி அடிச்சுடுங்க.”

கர்த்தர் மன்னிப்பார் என்று, சரி என்றேன்.

4

ஐடா ரிசீவரை வாசல் பக்கம் நீட்டிப் பிடித்தாள். பாட்டு எழுந்தது. இருபது வருஷப் பழக்கம், சாவு வீட்டு வாசலில் என் கை எழவில்லை. இரண்டு வரி போய்விட்டது. ஐடா என்னைப் பார்த்தாள். மூன்றாம் வரியில் அடித்தேன், தேவைக்கு மேல் சத்தமாக.

அங்கே, சல்மா வீட்டில், ஃப்ளோரா உதடு மட்டும் அசையக் கூடவே பாடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வரியில் உதடு நின்றது. அவள் முகம்

(எழுதி எழுதி அடித்துவிட்டேன்.)

வெளியே பாங்கு ஒலித்தது. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் எடுத்த சல்மா, அவளைப் பார்த்ததும் அதைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

பாட்டு முடிந்தது. டிரம் ஏன் பிந்தி வந்தது என்று ஃப்ளோரா கேட்டாள். அடித்தவரிடம் போனைக் கொடு என்றாள். ரிசீவர் என் கைக்கு வந்தது.

“அண்ணே, நீங்க பொய் சொல்லமாட்டீங்க. அப்பா எங்க கீறாரு?”

5

முதல் முடிவு: தூங்குகிறார் என்கிறேன். அவள் மார்ச்சில் வருகிறாள். அதன்பின் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது: உள்ளதைச் சொல்கிறேன். அவள் அந்தத் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். சல்மா தாங்கிக்கொள்கிறாள் என்று நம்புகிறேன். ஐடா வீட்டு அடுப்பை யார் தாங்குவது?

மூன்றாவது: லைன் அறுந்துபோகிறது. இது எழுதுகிறவனுக்கு மட்டும் வசதி. வேண்டாம்.

அன்று நான் சொன்னதை எழுதப்போவதில்லை. அது சரிதானா என்று ஜெபத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், இன்னும் தெளியவில்லை. நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் ரிசீவரை. எதிரே ஐடா நிற்கிறாள். அந்தப் பக்கம் அவள் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

எதைச் சொன்னாலும், மெதுவாகச் சொல்லுங்கள்.