யார் கதவைத் தட்டுவது

கல்லூரி மாணவர் சங்கம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த பையன்களை, உறுப்பினர்கள் ஒன்றாகத் தங்கும் சங்க வீட்டுக்குப் பழக்கும் பொறுப்பு அந்த வருடம் வெஸ்லி ஹாஸ்கெட்டின் தலையில் விழுந்தது. அவன் கேட்டு வாங்கியதல்ல. முந்தைய வருடம் தலைமைச் சங்கத்திலிருந்து எச்சரிக்கை வந்ததிலிருந்து அந்தப் பதவியைத் தொட ஒருவரும் தயாராக இல்லை. தேர்தலன்று வெஸ்லி காய்ச்சலில் படுத்திருந்தான். வராதவன் பெயரைச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டார்கள்.

எச்சரிக்கை வந்தது சுவர் வரிசைக்காக. இந்தியானாவின் தெற்குக் கோடியில் இருந்த அந்தக் கல்லூரியில், ஆற்றைப் பார்த்த மேட்டில் நின்ற அந்த வீட்டின் நிலவறையில், புதியவர்களைச் சுவரைப் பார்த்து நிற்க வைப்பார்கள். பின்னால் நின்று மூத்தவர்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களின் பெயர்களைக் கேட்டுக் கத்துவார்கள். தப்பாகச் சொன்னால் தண்டால். வெஸ்லியும் நின்றவன்தான். பெயர்களெல்லாம் ஒரே மாதத்தில் மறந்துபோயின, முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம் மட்டும் மறக்கவில்லை.

அதனால் அவன் வேறு மாதிரி யோசித்தான். ஒவ்வொரு புதியவனும் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பழைய உறுப்பினனோடும், சங்கத்தின் பேச்சில் 'சகோதரனோடும்', கொஞ்ச நாள் சுற்ற வேண்டும். அவனோடு சாப்பிட வேண்டும், அவன் செய்யும் வேலையில் கூடமாட இருக்க வேண்டும், அவனைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிறு மதியம் வகுப்பு. சங்கத்தின் வரலாறு, வீட்டு விதிகள், குடித்து விழுந்தவனை எப்படிக் கவனிப்பது என்று எல்லாம் அதில் வரும்.

வீட்டுக் கூட்டத்தில் இது மயிரிழையில்தான் தப்பியது. எதிர்த்தவன் கர்ட் டிரேயர். நான்காம் வருடம், சிவில் இன்ஜினியரிங், மே மாதம் பட்டம் வாங்கப் போகிறவன். அவன் குரலை உயர்த்தினால் அடுத்த தெருவில் நாய் குரைக்கும். சுவர் வரிசையில் அவனைப்போல் கத்த ஆள் கிடையாது.

"பால் பாட்டில் குடுத்து வளர்க்கப் போறியா இவனுங்கள?" என்று கேட்டான். "பயம் இல்லாம எவன்டா எதைக் கத்துக்கிட்டான்?"

ஓட்டு முடிந்த பிறகு, தன் பக்கம் எந்தப் பொடியனும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

புதியவர்களில் அவன் பக்கம் போயே தீருவேன் என்று நின்றவன் ஓரின் ஸ்பிரேக். பன்றிப் பண்ணைக் குடும்பத்துப் பையன், வாய் ஓயாதவன். டிரேயர் முதல் இரண்டு நாள் அவனைக் கூரை வாய்க்காலில் அடைத்த இலைகளை அள்ள விட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஓரின் அள்ளிக்கொண்டே தங்கள் பண்ணையில் போன மாதம் தப்பி ஓடிய பன்றியின் கதையை மேலிருந்து கத்திச் சொன்னான். டிரேயர் சிரித்துவிட்டானாம், உடனே திரும்பிக்கொண்டானாம்.

அடுத்து ஓரின் ஒரு காரியம் செய்தான். பொரித்த பன்றிக்கறி சாண்ட்விச் இரண்டு வாங்கிக்கொண்டு, டிரேயரின் வகுப்பு முடியும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றான். எல்லாரும் வெளியே வந்தார்கள், டிரேயர் வரவில்லை. கேட்டதற்கு, அவன் வகுப்புக்கு வந்தே பல வாரம் ஆகிறது என்றார்கள். ஓரின் தேடிக்கொண்டு போனபோது, படகு இறக்கும் துறையில் தன் டிரக்குக்குள் ஆற்றைப் பார்த்தபடி டிரேயர் உட்கார்ந்திருந்தான். ஓரின் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து ஒரு பொட்டலத்தை நீட்டினான். அன்று டிரேயர் பேசினான். பேசி முடித்து, வெளியே ஒரு சொல் போனால் தொலைத்துவிடுவேன் என்றான்.

வெஸ்லிக்கு அப்போது இது எதுவும் தெரியாது. அந்த ஞாயிறு வகுப்பில் ஓரின் வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறக்கவே இல்லை. எல்லாரும் எழுந்த பிறகு மெல்ல வந்து கேட்டான்.

"ஒரு சகோதரன் பெரிய சிக்கல்ல இருக்கான்னு வைங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருக்கான். என்ன செய்யணும்?"

உயிருக்கு ஆபத்தா என்று வெஸ்லி கேட்டான். அதைத் தானும் நேராகக் கேட்டுவிட்டதாகவும், அப்படி இல்லை என்று அவன் சொன்னதாகவும் ஓரின் சொன்னான். அப்படியானால் அவனை விட்டு விலகாதே, அவன் வாயாலேயே சொல்ல வை என்றான் வெஸ்லி. ஓரின் தலையாட்டிவிட்டுப் போனான். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த வாரம் முழுக்க ஓரின் யார் பின்னால் சுற்றினான் என்பது வீட்டுக்கே தெரியும்.

வெஸ்லி நாற்காலிகளை மடித்து வைக்கும்போது அவனுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. மற்றவர்களை மிரட்டுகிறவனே ஏதோ சிக்கலில் மாட்டியிருக்கிறான். அந்தச் சந்தோஷம் அவனுக்கே பிடிக்கவில்லை.

அன்று மாலை கூட்டத்தில் டிரேயர் எழுந்து ஒரு யோசனை வைத்தான். புதியவர்களைச் சங்கத்தில் முறைப்படி சேர்ப்பதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை, வெளியே தெரியாமல் சுவர் வரிசை நடத்த வேண்டும். "இல்லேன்னா இவனுங்களும் நாமளும் எப்படி ஒண்ணு?" என்றான். பலர் மேசையைத் தட்டினார்கள். தலைவன் வெஸ்லியைப் பார்த்தான்.

வெஸ்லி எழுந்தான். ஒரு வாக்கியம் போதும், டிரேயர் உட்கார்ந்துவிடுவான். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. அவன் அதை விழுங்கிவிட்டு வேறொன்றைக் கேட்டான்.

"நாம எல்லாரும் அந்தச் சுவர்ல நின்னோம். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது பெருசா ஆச்சுன்னா, இந்த வீட்டுல யார் கதவைத் தட்டுவீங்க? அதைச் சொல்லுங்க, நான் உக்காந்துடறேன்."

கடைசியில் ஒருவன், நான் எங்க அம்மாவுக்குப் போன் போடுவேன் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் அவன் சொன்னது உறைத்தது. டிரேயர் சிரிக்கவில்லை. ஓட்டெடுப்புக்கு முன்பே யோசனையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே போனான்.

வெஸ்லி போனபோது அவன் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"பொடியன் சொல்லிட்டானா?"

"பேர் சொல்லலை. கேள்விதான் கேட்டான். மத்ததை நானா ஊகிச்சேன். என்ன சிக்கல்னு இப்பவும் தெரியாது."

"அதையே உள்ள சொல்லியிருந்தா நான் வாயை மூடிட்டு இருந்திருப்பேனே."

"சொல்லியிருந்தா அப்புறம் எவன்டா என்கிட்ட எதையாவது சொல்லுவான்?"

டிரேயர் மெதுவாகச் சொன்னான். திரவ இயக்கவியலில் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தான். மூன்றாம் தடவை வகுப்புக்குள் போகவே கால் வரவில்லை. அதைப் பார்த்து மற்றப் பாடங்களும் சரியத் தொடங்கியிருந்தன. சாலை போடும் ஒப்பந்தக்காரரான அவன் அப்பா, தன் லாரியின் கதவில் 'டிரேயரும் மகனும்' என்று இப்போதே எழுதிவிட்டார். பட்டமளிப்பு விழாவுக்கு மாமா, அத்தை எல்லாருக்கும் ஓட்டலில் அறை போட்டாகிவிட்டது.

"முதல் வருஷம் அந்தச் சுவர்ல நின்னப்போ எனக்கு மூக்குல ரத்தம் வந்துச்சு," என்றான். "தொடைக்காம நின்னேன். எல்லாரும் முதுகுல தட்டிக்குடுத்தாங்க. எது வந்தாலும் முகத்துல காட்டக் கூடாதுன்னு அன்னைக்குக் கத்துக்கிட்டேன். அந்தப் பாடத்துல மட்டும் நான் ஃபெயிலே ஆனதில்ல."

வெஸ்லி பக்கத்தில் உட்கார்ந்தான். காலையில் கல்லூரியின் படிப்பு ஆலோசகர் அறை திறந்ததும் போகலாம், நானும் வருகிறேன் என்றான்.

"நீ வந்து என்ன கிழிக்கப் போற?"

"ஒண்ணும் இல்ல. வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பேன்."

காலையில் அந்த பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். ஓரினை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தவன் டிரேயரேதான். ஆலோசகர் அம்மாள் திட்டவில்லை. அந்த ஒரு பாடத்தை இப்போது விட்டுவிடச் சொன்னார். ஒருநாளும் தவறாமல் வந்தால் மற்றவற்றைக் காப்பாற்றிவிடலாம் என்றார். விட்டதைக் கோடைக்காலத்தில் படிக்கலாம், ஆனால் மே மாதம் மேடை ஏற முடியாது. வெளியே வந்ததும் டிரேயர் டிரக்கில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டான். மற்ற இருவரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். திரும்பி வந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன, அவன் அதை மறைக்கவில்லை.

"கத்துவார்னு நினைச்சேன்," என்றான். "ஏன்டா ஜனவரியில கிளாஸ் தொடங்கினப்பவே சொல்லலைன்னு மட்டும் கேட்டார். அதுக்குத்தான் எனக்குப் பதில் வரலை."

அதன் பிறகு ஓரின் தினமும் காலையில் அவன் கதவில் காபியோடு நின்றான். டிரேயர் அவனை வாய்க்கு வந்தபடி திட்டுவான், திட்டிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்புவான்.

கடைசி ஞாயிறு வகுப்பை எடுக்கும்படி வெஸ்லி அவனைத்தான் கேட்டான். முடியவே முடியாது என்றவன், நேரத்துக்கு வந்து நின்றான். கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, புதியவர்களின் தலைக்கு மேலே எங்கோ பார்த்துப் பேசினான். தான் என்ன தோற்றான், எத்தனை வாரம் பொய் சொன்னான், எங்கே போய் உட்கார்ந்திருந்தான் என்று சொன்னான். நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினான். அவ்வளவுதான், சட்டென்று முடித்துவிட்டான். இவனைப் பேச வைத்தது தப்போ என்று வெஸ்லி பயந்தான்.

பின்வரிசையில் தேடியஸ் என்றொரு பையன் இருந்தான், அதுவரை யாரிடமும் அதிகம் பேசாதவன். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான், "எனக்கு வேதியியல் கைய விட்டுப் போய்க்கிட்டிருக்கு. வீட்டுல தெரியாது."

டிரேயர் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தான். ஒரு நாற்காலியை இழுத்து அவன் எதிரே போட்டு உட்கார்ந்தான்.

"வாத்தியார் யாரு, தம்பி?" என்றான்.

அந்தக் குரலுக்கு எந்த நாயும் குரைத்திருக்காது. அதற்குள் இன்னொருவன் கையைத் தூக்கியிருந்தான். வகுப்பு இப்போதைக்கு முடியாது போலிருந்தது. வெஸ்லி சத்தமில்லாமல் எழுந்து, சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வதற்காகச் சமையலறைக்குப் போனான்.