வாயில் படாத எண்ணெய்

வேண்டிக்கொள்ளும்போது நாக்கை அடக்கியிருக்கலாம். வெள்ளிக் கண்மலரோடு நிறுத்தியிருந்தால் சமயபுரத்தாள் கோபித்துக்கொள்ளவா போகிறாள்? "எம் பொண்ணுக்கு மாலைக்கண் தெளிஞ்சா, கல்யாணம் ஆகுற வரைக்கும் அவ வாயில கவுச்சி படாது தாயே" என்று, பக்கத்தில் நின்ற புருஷன் அழகர்சாமி காதில் விழும்படி உரக்கச் சொல்லித் தொலைத்துவிட்டாள் வெள்ளையம்மாள். இது ஐம்பத்தெட்டாம் வருஷம், மாசி மாதம்.

மறுநாள் எடமலைப்பட்டி புதூரிலிருந்து டவுன் பஸ் ஏறி தர்மாஸ்பத்திரிக்குப் போனார்கள். கம்பவுண்டர் காஜா மைதீன் சுறாமீன் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். பதினைந்தே நாளில், ஆறு வயது வள்ளிக்கண்ணு விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் ஓடி விளையாடினாள். வேண்டுதல் பலித்துவிட்டது. கண்மலர் சாத்தினார்கள். அன்றோடு எண்ணெயும் நின்றது. கவுச்சி அல்லவா!

மூன்றாம் மாதம் பிள்ளை மறுபடி சுவரைத் தடவ ஆரம்பித்தது.

"ஆத்தா குடுத்த கண்ணு. வாக்குத் தப்பினா மொத்தமா புடுங்கிக்குவா" என்றான் அழகர்சாமி. எண்ணெய் கொடுத்தால் தெய்வக் குற்றம், கொடுக்காவிட்டால் குருடு. வெள்ளையம்மாளுக்கு மூச்சு முட்டியது. அவனுக்குத் தெரியாமல் கம்பவுண்டரிடம் ஓடினாள்.

அவர் மூன்றை எடுத்து வைத்தார். "இது சுறா. கண்ணுக்கு இதுதாம்மா மேல், நாத்தமும் ஜாஸ்தி. இது சீமை காட்லிவர் ஆயில். நாத்தம் கம்மி, சத்தும் கம்மி. இது மாத்திரை. உள்ள மீனெண்ணெய், மேல தோலு."

"எது ஒசத்தின்னு கேக்கலீங்க. எது வாயில படாது?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப மாத்திரைதாம்மா. வயித்துக்குள்ள போய்த்தான் கரையும்."

வயிற்றைப் பற்றி அவள் வாக்கே கொடுக்கவில்லையே! எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

வீட்டில், தண்ணீரும் கையுமாக நின்று, "கடிக்காம முழுங்கு கண்ணு" என்றாள். வழவழவென்று இருந்ததை மிட்டாய் என்று நினைத்து வள்ளிக்கண்ணு நறுக்கென்று கடித்தாள்.

"அய்யே, மீனும்மா!"

அழகர்சாமி எழுந்து வந்தான். "துப்பச் சொல்லுடி!"

குரல் வந்த பக்கம் குழந்தை திரும்பியது. பார்வை அவன் தோளுக்கு மேலே எங்கோ போயிற்று. மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது.

வெள்ளையம்மாள் மகளின் வாயை இறுகப் பொத்தினாள். "முழுங்குடி. குத்தம்னா அது என்னோடது. ஆத்தா எங் கண்ணை எடுத்துக்கட்டும்."

பிள்ளை விழுங்கியது. அன்றிலிருந்து தினம் ஒரு மாத்திரை; சில வாரத்தில் அதற்குப் பார்வையும் திரும்பிவிட்டது. வெள்ளையம்மாள்தான் அந்தி சாய்ந்தால் அடுப்படியில் தனியாக நின்று, கையை முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.