பல்லவி நகரின் இரண்டாவது சரணம்

1

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டையில் ஒரு திரையரங்கில் 'பல்லவி நகர்' படத்தின் பகல் காட்சிக்கு முப்பது பேருக்குச் சற்றுக் கூடுதலாக வந்திருந்தார்கள். படம் வெளியாகி அது மூன்றாவது நாள்.

இந்தக் கதை அங்கே எழுந்த ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. திரையில் சோகப் பாட்டு முடிகிறது, அரங்கம் சிரிக்கிறது. ஏன் சிரித்தார்கள் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, அந்தச் சிரிப்புக்கு நடுவே துப்பட்டாவால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் வந்து நின்றேன். படத்தின் கதாநாயகி அவள்தான். பெயர் ஷர்லி, குளத்தூர்க்காரி.

முதலில் எழுதிய வரி இது: 'கனவுகள் உடையும்போது சத்தம் கேட்பதில்லை, அவை மௌனமாக...'

(இல்லை. சத்தம் நன்றாகவே கேட்டது. அடித்துவிட்டேன்.)

2

சிரிப்புக்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை நகராது.

ஷர்லி தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் இறுதிச் சுற்று வரை போனவள். படத்தில் நடித்தவர்கள் எல்லோருமே அதே போட்டியில் பாடியவர்கள். இயக்குநரும் அந்த நிகழ்ச்சியை இயக்கியவர். போட்டியில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் தருவார்கள். பல்லவி, ஒரு சரணம், திரும்பவும் பல்லவி. பாடி முடித்ததும் மைக்கை வயிற்றுக்கு நேராக இறக்கி, நடுவர்களைப் பார்த்து நிற்க வேண்டும். அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டி, "தேங்க்யூ சார்" என்று சொல்ல வேண்டும். ஒரு வருடம் இப்படியே பழகியவர்களை வைத்து, ஒரு வருடம் இப்படியே நிகழ்ச்சி எடுத்தவர் ஒரு படம் எடுத்தார்.

படத்திலும் எல்லாப் பாட்டும் பாதிதான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நடிகர்கள் கையை இறக்கி, எதிரே யாருமில்லாத வெளியைப் பார்த்துச் சில நொடிகள் நிற்கிறார்கள். படப்பிடிப்பில் இருந்த யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. திரையரங்கில் எல்லோருக்கும் பட்டது.

3

ஷர்லி அந்தக் காட்சிக்கு வந்தது படம் பார்க்க அல்ல. ஆரோக்கியதாஸைப் படம் பார்க்க வைக்க.

கீரனூரில் இன்னிசைக் குழு நடத்தும் ஆரோக்கியதாஸ், நார்த்தாமலைப் பங்குனித் திருவிழாக் கச்சேரிக்கு அவளைப் பேசி வைத்திருந்தார். சொந்த வட்டாரத்தில் அவளுக்கு அதுதான் முதல் மேடை. படம் வெளியான மறுநாள் போன் செய்தார்.

"வேணாம்மா. போன்ல அவனவன் போடுறதப் பாத்தேன். மேடையில நின்னா கூட்டம் ஓட்டியே எறக்கி விட்ரும்."

"ஓட்டட்டும் அங்கிள். பாடிக்கிட்டேதான இருக்கப் போறேன்."

"எங்க பாடுற? டிவியில வந்த புள்ளைக யாருக்கும் முழுப் பாட்டு தெரியாது. ஒரு சரணத்தோட நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாப்பீங்க. நான் கீபோர்டு வாசிப்பனா, மார்க்கு போடுவனா?"

"படத்த ஒருவாட்டி பாருங்க. அதுக்கப்பறமும் வேணாம்னா கேக்க மாட்டேன்."

டிக்கெட்டை அவளே எடுத்தாள். அவருக்கு ஓரத்து இருக்கை. இரண்டு வரிசை தள்ளித் தோழி மோகனப்ரியாவுடன் அவள்.

(இப்படி ஒரு படத்தைப் பார்க்கச் சொல்லி வாய்ப்புக் கேட்பாளா என்று இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் மூன்று நாளில் ஊரெல்லாம் கேலி செய்த படத்தில் அவள் தன் குரலை மட்டும் நம்பினாள். அதை நான் மாற்றுவதாக இல்லை.)

4

முதல் பாட்டு முடிந்தது. திரையில் கதாநாயகன் கையை இறக்கி வெறித்துப் பார்த்தான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், நடுவர் தோரணையில், நிறுத்தி நிதானமாக வந்தது.

"தம்பி, சுருதி லேசா ஒதறுது. ஆனா ஒங்க சட்ட சூப்பர்."

அரங்கம் வெடித்தது. சொன்னவன் விக்ரம், கல்லூரி மாணவன், கூடவே நாலைந்து நண்பர்கள். அடுத்த பாட்டு முடியும் முன்பே எல்லோரும் அவன் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"அடுத்த வாரம் பாப்போம்மா. ஊருக்குப் போயி அம்மா கையால சாப்புட்டு வாங்க."

முன்வரிசையில் துணிக்கடைப் பைகளோடு உட்கார்ந்திருந்த ராசாத்தி என்ற பெண் எழுந்தே நின்றாள். "ஏப்பா, புள்ள நல்லாத்தானப்பா பாடுது! எலிமினேட்டு கிலிமினேட்டுன்னு எதுவும் பண்ணிராதீங்க."

"ஒங்க ஓட்டு ஒண்ணுதான்க்கா, உக்காருங்க."

மோகனப்ரியா ஷர்லியின் கையைப் பிடித்தாள். "எந்திரிடி, போயிருவோம்."

ஷர்லி ஓரத்து இருக்கையைப் பார்த்தாள். ஆரோக்கியதாஸ் சிரித்துக்கொண்டிருந்தார். மனிதர் வாய்விட்டுச் சிரிப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

இடைவேளைக்கு முன்னால் அவளுடைய பாட்டு. கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பெண் தார்ச்சாலையில் தனியே நடந்தபடி பாடுவது. பல்லவி, சரணம், பல்லவி. கை இறங்கியது. திரையிலிருந்த ஷர்லி இருட்டிலிருந்த ஷர்லியைப் பார்த்து நின்றாள்.

விக்ரம் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தான். பிறகு, "ஏங்க, பஸ்ஸும் போயிருச்சு, பாட்டும் பாதியில போயிருச்சு. மிச்சத்த யாருங்க பாடுவா?"

'இடைவேளை' என்று எழுத்து வந்தது. விளக்குகள் எரிந்தன.

(முதல் வடிவத்தில் ஆபரேட்டர் படத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பதாக எழுதியிருந்தேன். எந்த ஆபரேட்டரும் அப்படிச் செய்வதில்லை. இடைவேளை போதும்.)

ஷர்லி துப்பட்டாவை இறக்கிவிட்டு எழுந்தாள்.

"நான் பாடுறேன் சார்."

5

'அவள் குரல் அரங்கின் சுவர்களை...'

'தேவதை போல...'

(இரண்டையும் அடித்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.)

மைக் இல்லை, இசை இல்லை. பாப்கார்ன் வாங்கக் கிளம்பியவர்கள் படிகளில் நின்றார்கள். பல்லவியிலிருந்து தொடங்கினாள். முதல் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பினாள். ஒருவன் கைதட்டத் தொடங்கினான். அவள் நிறுத்தவில்லை. எழுதி, பதிவும் செய்து, வெட்டி எறியப்பட்ட இரண்டாவது சரணத்துக்குள் போனாள்.

'கடைசி பஸ்ஸும் போயிருச்சு, கைகாட்ட ஆளு இல்ல,
நடந்தே வாரேன் நானு, நடுரோட்டுக்கு வழிசொல்ல...'

மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. போட்டியாக இருந்தால் அங்கே நிறுத்தி மறுபடி எடுத்திருப்பார்கள். ஷர்லி மூச்சை இழுத்து, அதே வரியை மறுபடி பிடித்து ஏறினாள். இம்முறை நின்றது. அதற்கு மேலும் ஒரு படி போனது. படிகளில் நின்றவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள்.

முடிந்ததும் பழக்கத்தில் கையை வயிற்றுக்கு நேராக இறக்கி நின்றாள். 

"இப்ப சொல்லுடா தம்பி மார்க்க" என்றாள் ராசாத்தி.

விக்ரம் எழுந்தான். நடுவர் குரல் போயிருந்தது. "அக்கா, இந்தச் சரணம் இவ்வளவு நாளா எங்க இருந்துச்சு?"

"வெட்டிட்டாங்க."

"வெட்டுனவர எலிமினேட் பண்ணுங்கடா!"

அரங்கம் மீண்டும் வெடித்தது. சிரிப்பு, விசில், கைதட்டல் எல்லாம் ஒன்றாக. ஷர்லியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள்.

இரண்டாம் பாதியில் எல்லாப் பாட்டுக்கும் கை தட்டினார்கள். இயக்குநர் விட்டிருந்த அத்தனை இடைவெளியும் நிரம்பியது. கதாநாயகன் தலையாட்டியபோது, உண்மையாகவே எதையோ ஏற்றுக்கொள்வது போலிருந்தது.

6

வண்டி நிறுத்துமிடத்தில் ஆரோக்கியதாஸ் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"படம் பாக்க முடியல."

"ஆமா அங்கிள்."

"மேல போற எடத்துல ஒடஞ்சுச்சு."

"ஆமா அங்கிள்."

"சுருதிய அரைக்கட்ட கொறச்சு வாசிக்கிறேன். நீயும் அங்க இழுக்காத. வியாழக்கிழம கீரனூருக்கு ரிகர்சலுக்கு வந்துரு, முழுப் பாட்டோட."

மோகனப்ரியா அங்கேயே கத்திவிட்டாள். நிழலில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

7

இங்கே முடிவு என்று சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

யாரோ எடுத்த காணொளி பரவி, படத்துக்குக் கூட்டம் கூடி, ஐம்பது நாள் ஓடுகிறது. (அன்று யாருமே படம்பிடிக்கவில்லை. கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.)

சென்னையிலிருந்து ஓர் இசையமைப்பாளர் அழைக்கிறார். 'ஹலோ, ஷர்லி தானே பேசுறது...' (போன் அடிக்கும்போதே நிறுத்திவிட்டேன். யார் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.)

விக்ரம் மேடைக்கு வந்து பூங்கொத்து... (வேண்டாம்.)

இவற்றில் எது பிடிக்கிறதோ அதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். வேறு ஒன்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. ஷர்லி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

திங்கட்கிழமை 'பல்லவி நகர்' திரையரங்கிலிருந்து எடுக்கப்பட்டது. நார்த்தாமலைக் கச்சேரியில் ஷர்லி நான்கு பாட்டுப் பாடினாள்.