ஆறாவது சரக்கு

கோட்டைக் கப்பித்தானைக் குடிகாரன் என்று சொன்னால் குடிகாரர்களுக்குக் கோபம் வரும். குடிகாரன் பாவம், கிடைத்ததைக் குடிப்பான். உலாந்தா நாட்டிலிருந்து வந்த இந்த வெள்ளைக்காரனோ குவளையை மூக்கருகில் கொண்டுபோய், கண்ணை மூடி, பிடிக்கவில்லை என்றால் கொண்டுவந்தவன் காலிலேயே ஊற்றிவிடுவான். பழவேற்காட்டில் காய்ச்சுகிற சாராயம் அத்தனையும் ருசி பார்த்தவனுக்குக் கடைசியில் ஒன்றுதான் நாக்கில் ஒட்டியது. வேலம்மா கலக்குகிற அஞ்சு சரக்கு.

அதில் பெரிய மாயம் இருக்கிற மாதிரி தெரியாது. முதலில் நாலு கட்டி பனைவெல்லத்தைத் தட்டிப் பானையில் போட்டு, ஒரு டஜன் எலுமிச்சம்பழத்தை அதன் மேல் பிழிந்து, சாற்றிலேயே கரைக்க வேண்டும். அவசரப்பட்டுச் சாராயத்தில் போட்டால் வெல்லம் அடியில் கல்லாய் உட்கார்ந்துகொள்ளும். கரைந்த பிறகு மண்பானைத் தண்ணீர் இரண்டு படி, பனஞ்சாராயம் ஒரு படி. ஈர மணலில் பானையைப் புதைத்து ஒரு நாழிகை வைத்து, குடிக்கிற நேரத்தில் சாதிக்காயை உரசிப் போட்டால் தீர்ந்தது.

ஆனால் ஆறாவதாக ஒன்று இருந்தது. பானையைக் கழுவுகிற சாக்கில் வேலம்மா முந்தி முடிச்சை அவிழ்த்து, இரண்டு சிட்டிகை உப்பை எடுத்து உள்புறம் தேய்த்துவிடுவாள். பக்கத்தில் நிற்பவன் பார்த்தால் பானை கழுவுகிறாள் என்றுதான் நினைப்பான். கடலோரத்தில் சாராயம் விற்கிற பெண்களுக்குள் ஒரு கட்டு உண்டு. பக்குவம் கேட்டால் எல்லாவற்றையும் சொல், ஒன்றை மட்டும் முந்தியில் முடிந்துகொள். புலிக்கு எல்லாம் கற்றுக்கொடுத்த பூனை, மரமேற மட்டும் கற்றுக்கொடுக்காததால்தான் பிழைத்ததாம். வேலம்மாவும் அப்படித்தான் பிழைத்துவந்தாள்.

அந்த வருஷமும் மழை பொய்த்தது. ஏரி முழங்காலுக்கு வற்றி, மீனெல்லாம் சேற்றில் செத்து நாறியது. வேலம்மாவின் புருஷன் சடையன் வலையைச் சுருட்டிக் கூரையில் செருகிவிட்டு, கோட்டை அகழியில் தூர் வார ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லிப் போனான். ஆள் வரவில்லை. அரை மூட்டை அரிசி மட்டும் வீடு தேடி வந்தது. கூலி முன்பணம் என்றார்கள். வேலம்மா பதினோரு நாள் அதைப் பொங்கித் தின்றாள். பன்னிரண்டாம் நாள்தான் கப்பித்தான் பேச்சைத் தமிழில் சொல்கிற கோட்டைத் துபாஷி கேசவன் வாயைத் திறந்தான். அது கூலி இல்லை. சடையன் தன்னைத்தானே விற்றுக்கொண்ட விலை. கடல் தாண்டிப் பத்தாவியா போகிற கப்பலுக்காக அடைத்துவைத்திருக்கும் அடிமைக் கூட்டத்தோடு கொட்டடியில் கிடக்கிறான்.

அந்தக் கொட்டடியைத் தாண்டித்தான் அவள் தினமும் சரக்கு கலக்கக் கோட்டைச் சமையல்கட்டான குசினிக்குப் போய் வந்தாள். உள்ளே அவன் இருமியிருப்பான். இவள் காதில் விழுந்தும் இருக்கும். 

அவள் கப்பித்தான் காலில் விழுந்தாள். அவனும் அதே கப்பலில் ஊர் திரும்புகிறான். வழியில் அஞ்சு சரக்குக்கு எங்கே போவது என்பதுதான் அவனுடைய ஒரே கவலை. ஊரே பஞ்சத்தில் சாகும்போது அவனுக்கு வந்த பஞ்சம் அது. கேசவன் வாயால் பதில் வந்தது.

"குசினிக்காரன் தானியேலு கூட வரான். அவனுக்குக் கத்துக்குடு. அவன் கலக்கி, தொரை குடிச்சுட்டு சரின்னாருன்னா, உம் புருஷன் வெளியே."

வேலம்மா கும்பிட்டுவிட்டு வந்தாள். வந்தவள் யோசித்தாள். ஆறையும் சொல்லிவிட்டால் அப்புறம் இவளிடம் என்ன இருக்கிறது? சரக்கைக் கொடுத்துவிட்டா விலை கேட்பார்கள்? சடையன் வாசலைத் தாண்டுகிற வரைக்கும் உப்பு முந்தியிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். வியாபாரிக்கு அது சரியான கணக்குதான். எதிரில் இருப்பவனும் வியாபாரியாக இருந்தால்.

கப்பல் புறப்படும் நாள் காலையில், அவள் கற்றுக்கொடுத்த அஞ்சை வைத்துத் தானியேல் கலக்கினான். நல்ல கைக்காரன், ஒரு பழம் கூடவில்லை, ஒரு கட்டி குறையவில்லை. கப்பித்தான் ஒரு வாய் குடித்துத் துப்பினான். மறுபடி கலக்கினான், மறுபடி துப்பினான். மூன்றாம் முறை குவளை சுவரில் போய் உடைந்தது. கப்பித்தான் தானியேலைப் பார்க்கவில்லை. வேலம்மாவைப் பார்த்தான்.

"இன்னாமே, எதையோ மறைக்கிறியாம். தொரை கேக்குறாரு," என்றான் கேசவன்.

"ஆமா சாமி, மறைக்கத்தான் செய்றேன். எம் புருஷன் வாசலத் தாண்டட்டும். தாண்டுன அடுத்த மூச்சுல சொல்லிடறேன்."

"அடிப்பாவி! இத எப்டிம்மே நான் அவராண்ட சொல்றது?"

"நான் சொன்னத அப்டியே சொல்லு."

கேசவன் அப்படியே சொன்னான். கப்பித்தானுக்குக் கோபமே வரவில்லை. சிரித்தான். கையைத் தட்டி ஏதோ உத்தரவு போட்டான். கொஞ்ச நேரத்தில் சடையனைக் கூட்டிவந்தார்கள். கணுக்காலில் விலங்கு உரசிய இடம் சீழ் வைத்திருந்தது. வெயில் பட்டுக் கண் கூசி, எதிரில் நிற்பவள் யார் என்று தெரியவே அவனுக்கு நேரமாயிற்று.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்றாள் வேலம்மா.

"சொல்லியிருந்தா நீ அந்தச் சோத்தத் துன்னுருப்பியா?"

அவள் அவன் தோளைப் பிடித்துக் கோட்டை வாசல் வரை கூட்டிப்போனாள். "வெளியே போயி வாசலாண்ட குந்து. ஒரு வார்த்த சொல்லிட்டுப் பின்னாலயே வரேன். எங்கயும் பூடாத."

"நீ வராம எங்க போவப் போறேன்."

அவன் வெளியே போனான். கதவு மூடிக்கொண்டது. வேலம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. பெரிய கோட்டையையே இரண்டு சிட்டிகை உப்பை வைத்து மடக்கிவிட்டோம் என்று நிமிர்ந்தே நடந்துவந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கப்பித்தான் பேசினான். கேசவன் முகம் வெளுத்தது.

"உன்ன கப்பல்ல ஏத்தச் சொல்றாரும்மே. நீ ஒண்ணும் சொல்ல வேணாவாம், கலக்குற கையே கூட வந்தா போதுமாம். மாட்டையே வாங்குறவன் பாலுக்குத் தனியா பேரம் பேசுவானான்னு கேக்குறாரு."

"உப்பு!" என்று அலறினாள் வேலம்மா. "உப்புதான் சாமி! ரெண்டே சிட்டிகை. வேற ஒண்ணும் இல்ல!" முடிச்சை அவிழ்க்கக்கூட இல்லை, முந்தியைக் கிழித்தே உப்பை எடுத்துத் தானியேல் கையில் கொட்டினாள். "போடுய்யா! போட்டுக் கலக்கிக் குடு!"

தானியேல் போட்டான், கலக்கினான், கொடுத்தான். கப்பித்தான் மோந்தான். ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். பிறகு குவளையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, தானியேலின் முதுகில் தட்டினான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று யாரோ நல்ல ஊரில் இருந்துகொண்டு சொல்லியிருக்கிறார்கள். இவன் தினமும் அவள் கை உப்பைத் தின்றவன். அவளும் அதை நம்பித்தான் கேட்டாள்.

"சரியாகீதில்ல சாமி? நான் போவட்டுமா?"

கப்பித்தான் இரண்டே வார்த்தை சொன்னான்.

"குசினிக்கு இனி நீ வேணாவாம்," என்றான் கேசவன்.

வேலம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் கும்பிட்டுவிட்டு, வாசல் பக்கம் திரும்பி ஓட்டமாய் நடந்தாள்.

"அந்த வாசல் இல்லம்மே." கேசவன் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். "கொட்டடில ஒரு ஆள் குறையுதாம்."

ஏரிப் பக்கத்து வாசல் வழியாகப் படகில் ஏற்றினார்கள். கை பின்னால் கட்டியிருந்தது. முன்னும் பின்னும் அவளைப்போலவே கட்டுண்டவர்கள். கப்பித்தானுக்குத் தனிப் படகு, அதில் தானியேலும் ஈர மணலில் புதைத்த பானையும். வேலம்மாவுக்கு அழுகை வரவில்லை, தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஊரெல்லாம் கொட்டிக்கிடக்கிற உப்பு. முதல் நாளே சொல்லியிருந்தால் கணவனும் மனைவியுமாய் வீட்டுக்குப் போயிருக்கலாமோ, அப்போதும் இவன் வேறு ஏதாவது செய்திருப்பானோ. எது என்று இனி அவளுக்குத் தெரியப்போவதில்லை. தெரியாமலே சாகவேண்டும் என்பதுதான் அவளை அறுத்தது.

படகு கோட்டை மூலையைச் சுற்றி முகத்துவாரத்தைப் பார்த்துத் திரும்பியபோது முன்வாசல் தெரிந்தது. சடையன் அவள் சொன்ன இடத்திலேயே குந்தியிருந்தான். தண்ணீருக்கு முதுகைக் காட்டி, கதவையே பார்த்துக்கொண்டு.

"யோவ்! இங்க பாருய்யா! நான் இங்ககீறேன்!"

கரைக்காற்று அவள் குரலை அள்ளிக் கடல் பக்கம் கொண்டுபோனது. தொண்டை கிழிய இன்னொரு முறை கூப்பிட்டாள். படகுக்காரன் துடுப்புக் கட்டையால் முதுகில் குத்தினான்.

அப்போது கோட்டைக் கதவு திறந்தது. சடையன் கையை ஊன்றி அவசரமாய் எழுந்து நின்றான். குசினி ஆள் ஒருவன் வந்து, கூடையிலிருந்த பிழிந்த எலுமிச்சந்தோலை அகழியில் கொட்டிவிட்டு உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது. சடையன் மறுபடியும் அதே இடத்தில் குந்தினான்.