அவள் பாட வேண்டிய வரி

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் அந்தக் கிழவர் வாயைத் திறந்ததும், பல்செட் செய்பவரின் கண் முதலில் போனது மேல் வரிசைக்குத்தான். முன்பற்கள் நான்கு இல்லை. பிளாஸ்டரில் அச்செடுத்து, மெழுகில் பல் கட்டி, முப்பது வருஷமாக ஊரார் வாய்களையே பார்த்த கண். 'இத வெச்சுக்கிட்டு என்னத்தப் பாடப் போறாரு' என்று நினைத்தாலும் சேனலை மாற்றாமல் விட்டார்.

ஏதோ பனிமலை நாட்டின் பழைய பாட்டைப் பற்றிய ஆவணப்படம். அங்கே ஆடு மேய்க்கிறவர்கள் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கமிருந்து ஒரு வரி பாடுவார்களாம். அந்தப் பக்கமிருந்து ஒருவர் அடுத்த வரியைப் பாட வேண்டும். கிழவருக்கு நாற்பது வருஷம் அப்படி எதிர்ப்பாட்டுப் பாடியவள் அவர் மனைவி. அவள் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. கிழவர் தன் வரியைப் பாடினார். நிறுத்தினார். அவள் பாட வேண்டிய நேரம் முழுவதும் எதிர்மலையைப் பார்த்தபடி நின்றார். ஆடுகள் மேய்ந்தன. படம் எடுத்தவர்களும் அதை வெட்டாமல் விட்டிருந்தார்கள். பிறகு தன் அடுத்த வரியை எடுத்தார்.

பல்லில்லாத இடத்தில் காற்று சீறியது. ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் பல்செட்காரர் டிவிக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். தன் மனைவி போன அன்று வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்த மனுஷன், இப்போது சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மகளின் போன் வந்தது. வேறு ஊரில் வேலை. ஞாயிறுதோறும் மூன்று மணிக்குக் கூப்பிடுவாள். அம்மா இருந்தவரை அது ஒரு மணி நேரப் பேச்சு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். இப்போது 'சாப்டியா', 'உடம்பு எப்படி', 'சரி, வெச்சிடறேன்'. இரண்டு நிமிஷம் தாண்டாது.

இன்று எதுவும் கேட்காமல் போனை டிவி அருகே கொண்டுபோய்ப் பிடித்தார்.

"என்னப்பா சத்தம்? மிக்ஸி ஓடுதா?"

"இல்ல பாப்பா. ஒருத்தர் பாடுறார்."

"யாரு?"

எப்படிச் சொல்வது? "அவரு பொண்டாட்டி செத்துப் போச்சு. அது பாட வேண்டிய எடத்துல, பாடாம நிக்கிறாரு," என்றார்.

மறுமுனையில் பேச்சில்லை. வழக்கமாக 'சரி, வெச்சிடறேன்' வரும் இடம். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, டிவி சத்தத்தை அணைத்து, அவர் காத்திருந்தார்.

"அப்பா... லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"நான் வேலைய விட்டு மூணு வாரம் ஆச்சுப்பா. காலைல எழுந்திருக்கவே முடியல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. அம்மாவா இருந்தா..."

அதற்குமேல் அழுகைதான். அம்மாவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவருக்கும் தெரியவில்லை. போனை வைக்க மனமில்லை. காதோடு அழுத்திப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தார். திரையில் விளம்பரம் வந்திருந்தது. ஒரு குடும்பமே சோப்புத்தூள் பாக்கெட்டைச் சுற்றிச் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.